பக்கவாத்தியக்காரர் பெயர்

ஆனந்த விகடனிலிருந்து விளம்பரத் துறைக்குப் போன ஓவியர் கோபுலு, 1972இல் 'ஆட்வேவ்' என்ற பெயரில் சொந்த நிறுவனம் தொடங்கினார். 1974இல் க்ரியா ராமகிருஷ்ணன் பதிப்பகம் ஆரம்பித்தார். நவீன தமிழ்ப் புத்தகங்களுக்கும் சிற்றிதழ்களுக்கும் அட்டையும் தலைப்பெழுத்தும் வரைந்துகொடுத்தவர் ஓவியர் கே.எம். ஆதிமூலம். கைவசம் இருந்த அச்செழுத்து பிடிக்கவில்லையென்றால் ஓவியர் வீட்டுத் திண்ணையில் காத்திருக்க வேண்டியதுதான். லை, ணை, னை எல்லாம் தலையில் துதிக்கையைச் சுருட்டி வைத்திருந்த காலம் அது. 1978 எழுத்துச் சீர்திருத்தம் அந்தச் சுருளை எடுத்துவிட்டது. படிக்கிற குழந்தைகளுக்கு நல்லது. வரைகிறவனுக்கு ஒரு விளையாட்டுச் சாமான் போயிற்று.

சங்கீத சபா அழைப்பிதழ் என்றால் ஈய எழுத்தைக் கோத்து, பாடகர் படத்துக்குத் தனியாக ப்ளாக் செய்து, ப்ரூஃப் பார்த்து அடிப்பார்கள். ஆஃப்செட் வந்தபின் எழுத்தை ப்ரோமைடு தாளில் எடுத்து ஒட்டினார்கள். ஒரு ஒற்று விட்டுப்போனால் பிளேடால் வேறொரு 'க்'கை நறுக்கி ஒட்டுவார்கள். ஒவ்வொரு திருத்தமும் காசு, ஒரு நாள் தாமதம். அதனாலேயே சபாச் செயலாளர்கள் திருத்தத்தை யோசித்துத்தான் சொல்வார்கள்.

இப்போது மயிலாப்பூரில் நாங்கள் மூன்று பேர் நடத்தும் டிசைன் ஸ்டூடியோவில் வரைவது கால்வாசி வேலைதான். மிச்சமெல்லாம் துரத்தல். மார்கழி சீசன் புத்தகத்துக்கு ஐப்பசியிலேயே ஆரம்பிப்போம். பாடகியின் படம் கேட்டால், "ஃபேஸ்புக்ல இருக்கே, எடுத்துக்கோங்கோ" என்று பதில் வரும். அந்தப் படம் அச்சில் தபால்தலை அளவுக்குத்தான் தாங்கும். யாருக்கு எந்தப் பட்டம், இனிஷியல் ஒன்றா இரண்டா, யார் சீனியர் என்பதற்கெல்லாம் எக்செல் ஷீட் வைத்திருக்கிறோம். தி. நகர் பட்டுக்கடை விளம்பரம் பின்னட்டைக்கு வராவிட்டால் அச்சுக்கூலிக்கே தாளம்.

பழைய எழுத்துருவில் அடித்த பட்டியல் வந்தால் 'ஸ்ரீ' வேறெதுவாகவோ மாறி நிற்கும். 'கொ'வின் கொம்பும் காலும் ஆளுக்கொரு பக்கம் ஓடும். நல்ல எழுத்துருவுக்குப் பஞ்சமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பிரியா ரவிச்சந்திரன் உருவாக்கிய 'கேட்டமரன்' கூகுளில் இலவசமாகவே கிடைக்கிறது. பெயர் நம்ம கட்டுமரம்தான்.

கைவேலை செத்துவிடவும் இல்லை. 1994இல் கீதா வுல்ஃப் தொடங்கிய தாரா புக்ஸ், கோண்டு ஓவியர்கள் வரைந்த மரங்களைக் கறுப்புத் தாளில் ஒவ்வொரு நிறமாகக் கையாலேயே அச்சடித்து, நூலால் தைத்துப் புத்தகமாக்கியது. திருவான்மியூரில் அவர்கள் கட்டிடத்துக்குப் போய்வரும் நாளில் எனக்குக் கணினியைத் திறக்க மனம் வராது.

ஆனால் டிசம்பரில் ராத்திரி பதினொரு மணிக்குச் சபாச் செயலாளரிடமிருந்து தொலைபேசி வரும்.

"என்னப்பா, தூங்கிட்டியா? நாளைக்கு கஞ்சிரா வேற ஆளு. மாத்திடு."

"மாமா, புஸ்தகம் அச்சாகி வந்தே பத்து நாளாச்சு."

"அது கிடக்கட்டும், இன்ஸ்டாகிராம்ல மாத்து."

மாற்ற நான்கு நிமிஷம்கூட ஆகாது. மறுநாள் மாலை நாலாவது வரிசையில் ஒரு மாமி, மடியில் எங்கள் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, மேடையையும் பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பக்கத்து நாற்காலிக்காரரிடம் கேட்கிறார்: "கஞ்சிரா யாரு? போட்டோவுல இருக்கறவர் மாதிரி இல்லையே?"