மலை ஏற எஞ்சின். உயிரோடு இறங்க பிரேக்!
போடி ஏலத்தோட்ட ஜீப்புகளுக்கு ஞாயிறுதான் "ஆஸ்பத்திரி" நாள்

போடிநாயக்கனூர்:

ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் போடியில் ஜீப்பு ஒர்க்‌ஷாப்புகளில் கூட்டம்தான். வாரம் முழுக்க மலை ஏறி இறங்கிய பழைய ஜீப்புகள் சக்கரம் கழன்று, ஜாக்கி மேல் நிற்கும். தரையெல்லாம் கிரீஸ். காற்றெல்லாம் டீசல் வாடை.

திங்கட்கிழமை விடிவதற்குள் வண்டி ரெடியாக வேண்டும். விடிந்ததும் அதில் ஏறப்போவது ஏல மூட்டை மட்டும் அல்ல, மனித உயிர்கள்.

போடி, தேவாரம், கம்பம் வட்டாரங்களில் இருந்து கூலித் தொழிலாளர்கள் ஜீப்பு ஏறி கேரளாவின் இடுக்கி மாவட்ட ஏலத்தோட்டங்களுக்குப் போகிறார்கள். இவர்களில் பெண்களே அதிகம். காலையில் ஏறி, களை எடுத்து, காய் பறித்து, சாயங்காலம் இறங்கி வருகிறார்கள். இவர்கள் வீட்டில் அடுப்பு எரிவது இந்தக் கிழட்டு ஜீப்புகளை நம்பித்தான்.

17 வளைவு

போடியில் இருந்து போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். கொச்சி – தனுஷ்கோடி தேசிய நெடுஞ்சாலையின் ஒரு பகுதி இது. மெட்டைத் தாண்டினால் பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை. அதுவரை தார் ரோடு. அங்கிருந்து தோட்டத்துக்குப் பிரியும் பாதை கல்லும் சேறும்.

கார் நுழையாத அந்தப் பாதையில் நுழையும் ஒரே வண்டி ஜீப்புதான். அதனால்தான் 20, 30 வயசான ஜீப்புக்கும் போடியில் மவுசு குறையவில்லை.

ஜீப்பு வருவதற்கு முன் இந்த மலையில் சரக்கு இறங்கிய கதையே தனி. மூணாறு தேயிலை மலை ரெயிலில் டாப் ஸ்டேஷன் வந்து சேரும். அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி குரங்கணி பக்கம் இறங்கும். பிறகு மாட்டு வண்டியில் போடிக்கு வரும். 1924ல் வந்த பெருவெள்ளம் அந்த மலை ரெயிலை அடித்துக்கொண்டு போய்விட்டது.

இந்தியாவில் ஜீப்பு பிறந்தது அதற்குப் பிறகுதான். மகிந்திரா கம்பெனி 1947ல் அமெரிக்காவின் வில்லிஸ் ஜீப்புகளைப் பம்பாயில் பூட்டத் தொடங்கியது. ஆரம்பத்தில் பெட்ரோல் எஞ்சின். பிற்பாடு டீசல். 1980களில் பெஜோ கம்பெனியின் 2112 சி.சி. டீசல் எஞ்சினோடு வந்த ஜீப்புகள் மலைக்காரர்களின் செல்லப்பிள்ளை ஆகிவிட்டன.

நாலு குடம் வெந்நீர்!

"வண்டி ஏறுறது பெரிசில்ல, இறங்குறதுதான் பெரிசு." மலை டிரைவர்களின் பாடம் இது. கணக்குப் போட்டுப் பார்த்தால் இது எவ்வளவு நிஜம் என்பது புரியும்.

ஆளும் சுமையுமாக ஒரு ஜீப்பு 2 டன் எடை என்று வைத்துக்கொள்வோம். மெட்டில் இருந்து போடிக்கு அது சுமார் 1,000 மீட்டர் உயரம் கீழே இறங்குகிறது. அந்த இறக்கத்தில் உண்டாகும் சூடு சுமார் 60 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். அதாவது நாலு குடம் வெந்நீர்!

இந்தச் சூடு எங்கேயாவது போயாக வேண்டும். சின்ன கியரில் இறங்கினால் பெரும் பங்கை எஞ்சின் வாங்கிக்கொள்ளும். இல்லாவிட்டால் மொத்தமும் பிரேக் டிரம்முக்குள் போகும். லைனிங் புகையும். பெடல் மிதித்தாலும் வண்டி நிற்காது.

சிலர் டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் போட்டு, எஞ்சினையும் அணைத்து இறங்குகிறார்கள். இது எமனுக்கு வெற்றிலை பாக்கு வைப்பதற்குச் சமம். பூஸ்டர் உள்ள வண்டியில் எஞ்சின் அணைந்தால் இரண்டு மூன்று மிதிக்குத்தான் பலம் இருக்கும். அப்புறம் பெடல் கல்லாகிவிடும். பவர் ஸ்டியரிங் போட்டிருந்தால் அதுவும் கனத்துப்போகும்.

பிரேக் ஆயிலில் தண்ணீர்

ஒர்க்‌ஷாப்பில் நடக்கும் பேச்சு அநேகமாக இப்படித்தான் தொடங்கும்.

"அண்ணே, ரெண்டு தடவை அடிச்சாத்தான் பெடல் பிடிக்குது."

"இப்படியே எத்தனை நாளாப்பா ஓட்டுறே? வீலைக் கழட்டு, பார்ப்போம்."

கழற்றினால் தெரிந்துவிடும். லைனிங் தேய்ந்திருக்கும். இல்லையென்றால் வீல் சிலிண்டரில் ஆயில் கசியும். அதுவும் இல்லையென்றால் குழாயில் காற்று புகுந்திருக்கும்.

வில்லிஸ் ரக பழைய ஜீப்புகளில் நாலு சக்கர பிரேக்குக்கும் ஒரே குழாய் வழிதான். ஒரு சக்கரத்தில் ஆயில் கொட்டினால் நாலு சக்கரமும் பிடிக்காது. பின்னால் வந்த வண்டிகளில் வழியை இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். ஒன்று போனாலும் மற்றொன்று காப்பாற்றும்.

பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும் குணம் உடையது. டாட் 3 ரக ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி சூட்டுக்குக் குறையாமல் தாங்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறிய ஆயிலுக்கு அந்த அளவு 140 டிகிரிதான். அதற்கு மேல் கொதித்து ஆவியானால், மிதிக்கிற பெடல் வெறும் தரையைத் தொடும். மழையும் பனியும் மாறாத ஏலமலையில் ஓடும் வண்டிக்கு இது பெரிய ஆபத்து. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவையாவது பழைய ஆயிலை முழுக்க வடித்துவிட்டுப் புதுசு ஊற்ற வேண்டும். அவசரத்துக்கு எஞ்சின் ஆயில், மண்ணெண்ணெய் ஊற்றவே கூடாது. உள்ளே உள்ள ரப்பர் உப்பிப்போகும்.

அடுத்த வேலை அடிப்பக்கம். பட்டைகளில் விரிசல் உண்டா, யூ போல்ட்டு லூசா, ஸ்டியரிங் முட்டுகளில் ஆட்டம் உண்டா என்று பார்த்து கிரீஸ் அடிக்க வேண்டும். முன் சக்கரத்துக்கும் இழுவை கொடுக்கும் இரண்டாவது கம்பி சேற்றுக்கும் கல்லுக்கும் மட்டும்தான். காய்ந்த தார் ரோட்டில் அதைப் போட்டு வளைத்தால் டயரும் பல் சக்கரமும் தேயும்.

எது ரிப்பேர்? எது குற்றம்?

ஞாயிற்றுக்கிழமை நடப்பது ரிப்பேர் மட்டும் அல்ல. "ஆல்ட்டரேஷனும்" நடக்கிறது. புதுப் படுதா, பிடித்துக்கொள்ள கம்பி, ஏறி இறங்க நல்ல படி. இவை ஏறுகிறவர்களுக்கு நன்மை.

ஆனால் பாடியை நீட்டி இன்னொரு பெஞ்சு போடுவதும், வேறு கம்பெனி எஞ்சினை இறக்குவதும் வேறு விஷயம். தேய்ந்ததை அதே ரகத்தில் மாற்றுவது ரிப்பேர். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியைத் திருத்துவது சட்ட விரோதம்.

கேரளாவில் இருந்து போன வழக்கு ஒன்றில் சுப்ரீம் கோர்ட்டு 2019 ஜனவரியில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதே வருஷம் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, இப்படிச் செய்யும் உரிமையாளருக்கு 6 மாதம் வரை ஜெயில், அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் உண்டு.

பின்னால் ஒரு பட்டை கூட்டிவிட்டால் நாலு ஆள் கூட ஏற்றலாம் என்பது தப்புக் கணக்கு. பட்டை சுமையைத் தாங்கும். பிரேக் தாங்குமா? ஆள் கூடக் கூட இறக்கத்தில் சூடும் கூடும். டிரம் அதே பழைய டிரம்தானே!

நஷ்டஈடு யாருக்கு?

கூடுதல் ஆள் ஏற்றுவதில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் ஆள் ஏற்றிய பஸ் விபத்து வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு 2007ல் தீர்ப்பு சொன்னது. பாலிசியில் அடங்கிய ஆட்களின் எண்ணிக்கைக்குத்தான் இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பு என்பது அந்தத் தீர்ப்பு. மிச்சத்தை வண்டிக்காரரிடம்தான் கேட்க வேண்டும். அன்றாடக் கூலிக்குப் போன குடும்பம் அவரிடம் எதை வசூலிக்க முடியும்?

நெருக்கி ஏற்றினால் ஒரு நடை மிச்சமாகலாம். பிரேக் வேலையைத் தள்ளிப்போட்டால் ஒரு வாரச் செலவு மிச்சமாகலாம். அந்த மிச்சத்துக்கு ஈடாக வைக்கப்படுவது பின் பெஞ்சில் தூக்குவாளியோடு உட்கார்ந்திருக்கும் பெண்களின் உயிர்.

ஏறுகிறவர்கள் வண்டிக்காரரிடம் இரண்டே கேள்வி கேட்கலாம். "அண்ணே, எத்தனை பேருக்கு பர்மிட்டு?" "பிரேக் எப்ப பார்த்தீங்க?"

நல்ல டிரைவருக்கு இதில் கோபம் வராது. கோபப்பட்டால், அந்த வண்டியில் ஏறாமல் இருப்பதே நல்லது.