வாயால் சொல்லித் தரும் மேளம்

நாடு விட்டு நாடு போனாலும் தாளத்தை விடாத கொரியர்கள்

மண்ணூர், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் கொரியர்களைக் காண்பது புதுமை அல்ல. 1996-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்த் தொழிற்சாலை கட்டத் தொடங்கினார்கள். 1998-ல் கார்கள் வெளிவந்தன. உதிரி பாகக் கம்பெனிகள் பின்னாலேயே வந்தன. கொரியக் குடும்பங்களும் வந்தன.

அவர்கள் செய்யும் கார் எல்லோருக்கும் தெரியும். அவர்களுடைய மேளம் தெரியுமா?

உழவர் மேளம்

கொரியாவும் நெல் விளையும் நாடு. நாற்று நடும்போது களைப்புத் தெரியாமல் இருக்க, அந்த நாட்டு உழவர்கள் வயல் ஓரத்தில் மேளம் கொட்டினார்கள். கூடவே ஆடினார்கள். இதற்கு "நோங்காக்" என்று பெயர். "உழவர் இசை" என்று பொருள்.

முக்கியமான கருவிகள் நான்கு. சேகண்டி போன்ற சின்னத் தட்டு இடியாம். பெரிய தட்டு காற்றாம். முரசு மேகமாம். "ஜாங்கு" என்ற மேளம் மழையாம். உழவன் வேண்டுவது மழைதானே!

ஜாங்கு, நம் உடுக்கையைப் பெரிதாக்கியது போல இடை சிறுத்து இருக்கும். தோளில் கட்டிக்கொண்டு ஆடியபடியே அடிப்பார்கள். சிலர் தொப்பியில் நீண்ட நாடா இருக்கும். தலையை அசைத்தால் அது வட்டம் வட்டமாகச் சுழலும்!

பாடம் எப்படி?

இடது பக்கம் அடித்தால் "குங்". வலது பக்கம் "டொக்". இரண்டும் சேர்ந்தால் "டொங்". ஆசிரியர் வாயால் சொல்வார். பிள்ளைகள் திருப்பிச் சொல்வார்கள். பிறகுதான் கோலைத் தொடுவார்கள். தவில் வித்வான் சொற்கட்டுச் சொல்லித் தருவது போலத்தான்!

ரயிலில் போன கலை

1937-ல் ஒரு கொடுமை நடந்தது. ருஷ்யாவின் கிழக்குக் கோடியில் குடியேறி வாழ்ந்த கொரியர்கள் 1,70,000 பேரை ஸ்டாலின் அரசு ரயிலில் ஏற்றி மத்திய ஆசியாவுக்கு அனுப்பியது. வீடு போயிற்று. நிலம் போயிற்று. பலர் மாண்டார்கள்.

ஆனால், 1932-ல் விளாடிவாஸ்டாக்கில் அவர்கள் தொடங்கிய நாடக மன்றம் அழியவில்லை. இன்று அது கஜகஸ்தானில், அல்மாட்டி நகரில் இருக்கிறது. அங்கே பேரப் பிள்ளைகள் பலருக்கு இப்போது ருஷ்ய மொழிதான் வாயில் வருகிறது. ஆனாலும் கொரிய மேளம் மேடையில் ஒலிக்கிறது.

சீனாவில் வாழும் கொரியர்களின் உழவர் நடனத்தை 2009-ல் யுனெஸ்கோ உலகப் பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. தாய் நாட்டு நோங்காக் 2014-ல் சேர்ந்தது.

தாய் நாட்டிலும் ஆபத்து

கொரியாவிலேயே இந்தக் கலைக்கு ஆபத்து வந்தது. வயலில் இயந்திரம் இறங்கியது. இளைஞர்கள் பட்டணம் போனார்கள். கொட்டுவதற்கு ஆள் இல்லை!

1978-ல் நான்கு இளைஞர்கள் சியோல் நகரில் ஒரு சிறிய அரங்கில் அந்த நான்கு கருவிகளுடன் உட்கார்ந்தார்கள். அவர்களில் ஒருவர் கிம் டுக்-சூ. 5 வயதிலேயே ஊர் ஊராகச் சுற்றும் கூத்துக் குழுவில் சேர்ந்தவர். அவர்கள் வாசித்த "சமுல்நோரி" இன்று கொரியர் வாழும் நாடுகளில் எல்லாம் ஒலிக்கிறது.

நம் ஊரில்?

மண்ணூர் வட்டாரத்திலும் வயல்கள் தொழிற்சாலைகளாகி வருகின்றன. நடவுப் பாட்டுத் தெரிந்த பாட்டிகள் குறைந்து வருகிறார்கள். கலை பிழைக்க நிலம் வேண்டாம், பணம் வேண்டாம். சொல்லித் தர ஒரு பாட்டி, திருப்பிச் சொல்ல ஒரு பிள்ளை. அது போதும்!