வலை ஒன்று, மொழி இரண்டு

நாகர்கோயிலிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் ரயில் வண்டி, குழித்துறையை விட்டதும் பாறசாலையை அடைகிறது, பின்னர் நெய்யாற்றின்கரை. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் வகுக்கப்பட்ட மாநில எல்லை இப்பகுதியில்தான் குறுக்கிடுகிறது. எல்லையோர ஊர்களில் தமிழும் மலையாளமும் அறிந்தோர் பலர். ஆயினும் வெளியூரிலிருந்து முதன்முறையாக வரும் தமிழருக்கு ஒரு சிறு திகைப்புக் காத்திருக்கும். உண்ண அமர்ந்த இடத்தில் "வெள்ளம் வேணோ?" என்று கேட்பர். நமக்கு வெள்ளம் என்றால் கரையை உடைத்து வரும் பெருக்கு. அவர்களுக்கோ அது குடிக்கும் நீர்.

ஒலி ஒன்றே; பொருள் வேறு. அறியாத சொல் வந்தால் நாம் கேட்டுத் தெளிவோம். அறிந்த சொல் வேறு பொருளோடு வரும்போதுதான் ஏமாறுகிறோம். பிற மாநிலங்களில் வாழும் நேயர்களுக்கு இது அன்றாட அநுபவம். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கோ அன்றாட அச்சம். பொறியியல் துறையில் ஒரு கணிப்பொறி நிரலிலிருந்து மற்றொரு நிரலுக்கு 'வலை'யைக் கொண்டு செல்வோருக்கும் இதே இடர் நேருகிறது. அதனைச் சிறிது காண்போம்.

வலை என்பது யாது? காட்டாக்கடைக்கு அருகே நெய்யாற்றின் குறுக்கே 1958 முதல் ஓர் அணை நிற்கின்றது. தேங்கிய நீர் அதனைத் தள்ளுகிறது. தன் எடை கீழே அழுத்துகிறது. வெயில் அதனை விரியச் செய்கிறது. இவற்றால் அணையின் உள்ளே ஒவ்வோர் இடத்திலும் எவ்வளவு தகைவு, அதாவது உள்ளழுத்தமும் இழுவிசையும், தோன்றுகின்றன என்று அறிய வேண்டும். முழு அணைக்கும் ஒரே சமன்பாட்டை எழுதித் தீர்ப்பது இயலாத காரியம். ஆகவே பொறியாளர் அணையைக் கற்பனையில் பல சிறு கட்டிகளாகப் பகுக்கின்றனர். ஒவ்வொரு கட்டிக்கும் 'எலிமென்ட்' அல்லது உறுப்பு என்று பெயர். கட்டிகள் ஒன்றோடொன்று சந்திக்கும் புள்ளிகள் கணுக்கள். கணுக்களும் உறுப்புகளும் சேர்ந்த அமைப்பே வலை. ஒவ்வோர் உறுப்பின் கணக்கும் எளிது. ஆயிரக்கணக்கான எளிய கணக்குகளைச் சேர்த்துத் தீர்க்கும் வேலையைக் கணிப்பொறி செய்கிறது.

'ஃபைனைட் எலிமென்ட்' எனப்படும் இம்முறையின் வித்து, கூரண்ட் என்ற கணித மேதை 1943-இல் வெளியிட்ட கட்டுரையில் காணப்படுகிறது. 1956-இல் டர்னர், கிளஃப், மார்ட்டின், டாப் ஆகிய நால்வர் விமானக் கட்டமைப்பைக் கணிக்க இதனை வளர்த்தனர். 1960-இல் கிளஃப் இன்றுள்ள பெயரைச் சூட்டினார். அமெரிக்க விண்வெளி நிறுவனமாகிய நாஸா, 1960-களின் இறுதியில் 'நாஸ்ட்ரான்' என்ற நிரலை உருவாக்கியது. பின்னர் ஆன்சிஸ், அபாகஸ் முதலியன எழுந்தன. நம் நாட்டிலும், நெய்யாற்றின்கரைக்கு வடக்கே தும்பாவில் உள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி நிலையத்தார் ராக்கெட்டுகளின் கட்டமைப்பைக் கணிக்க 'ஃபீஸ்ட்' என்னும் நிரலைத் தாமே ஆக்கினர்.

நிரல்கள் பல இருப்பதால் வலையை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் தேவை எழுகிறது. ஒரு நிரல் வலை பின்னுவதில் வல்லது. மற்றொன்று வெப்பக் கணக்கில் வல்லது. வேறொன்று அதிர்வுக் கணக்கில் வல்லது. ஒரே அமைப்பை இரு நிரல்களில் கணித்து விடைகளை ஒப்பிடுவதும் உண்டு. ஒவ்வொரு முறையும் வலையைப் புதிதாகப் பின்னுவது வீண் உழைப்பு. எனவே 'ஸ்கிரிப்ட்' எனப்படும் சிறு நிரலை எழுதுகின்றனர். பெரும்பாலும் 'பைத்தான்' என்னும் கணிப்பொறி மொழியில் எழுதுவர். 'மெஷியோ' என்ற இலவச நிரல் தொகுப்பு இத்தகைய மாற்றத்திற்கென்றே அமைந்தது.

மேலோட்டமாகப் பார்த்தால் வேலை எளியது. வலைக் கோப்பில் இரு பட்டியல்கள் உள்ளன. முதலாவது கணுப் பட்டியல்: கணுவின் எண், அதன் இருப்பிடத்தைக் குறிக்கும் மூன்று அளவுகள். இரண்டாவது உறுப்புப் பட்டியல்: உறுப்பின் எண், அது எந்தெந்தக் கணுக்களால் ஆனது என்னும் வரிசை. ஸ்கிரிப்ட் முதற்கோப்பை வரிவரியாகப் படிக்கிறது. பழைய எண்ணுக்குப் புதிய எண் இன்னது என்று ஓர் அகராதி அமைக்கிறது. பின்னர் புதிய நிரலின் இலக்கணப்படி எழுதி முடிக்கிறது. இலக்கணம் தவறினால் புதிய நிரல் கோப்பை ஏற்க மறுத்துவிடும். அதனால் பெருந்தீங்கு இல்லை. இலக்கணம் சரியாக அமைந்து பொருள் மட்டும் மாறுவதே தீங்கு. அத்தகைய 'வெள்ளங்கள்' மூன்றைச் சொல்கிறேன்.

முதலாவது, கணுக்களின் வரிசை. ஒரு செங்கல்லை எண்ணிக் கொள்ளுங்கள். எட்டு மூலைகளிலும் எட்டுக் கணுக்கள். பன்னிரண்டு விளிம்புகளின் நடுவிலும் பன்னிரண்டு. ஆக 20 கணுக்கள். அபாகஸ் நிரலில் மூலைகளுக்குப் பின் அடித்தள விளிம்புகள் நான்கும், மேல்தள விளிம்புகள் நான்கும், இறுதியில் நிற்கும் விளிம்புகள் நான்கும் வரும். நாஸ்ட்ரானிலோ அடித்தளத்திற்குப் பின் நிற்கும் விளிம்புகள், மேல்தளம் இறுதியில். இரண்டிலும் 20 எண்களே. ஸ்கிரிப்ட் அவற்றை அப்படியே பெயர்த்தெழுதினால், மேல்தளத்தில் இருக்கவேண்டிய கணு பக்கச் சுவரில் இருப்பதாகக் கொள்ளப்படும். செங்கல் முறுக்கிப் பிழிந்த துணி போலாகும். கடைசி எட்டு எண்களை நான்கு நான்காக இடம் மாற்றுவதே இதற்கு மருந்து.

இரண்டாவது, அளவை. இத்தகைய நிரல்களிற் பல, மீட்டர் என்றோ மில்லிமீட்டர் என்றோ அறியா. வெறும் எண்ணையே அறியும். 50 மீட்டர் உயர அணையின் வலையை மில்லிமீட்டர்க் கணக்கில் இயங்கும் பணிக்கு ஆயிரத்தால் பெருக்காமல் அனுப்பினால், அணை 50 மில்லிமீட்டர் உயரப் பொம்மையாகிவிடும். திரையில் தோன்றும் படம் சிறிதும் மாறாது. ஆனால் தன் எடையால் அடியில் உண்டாகும் தகைவு ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்து, அணை மிக வலிது என்ற பொய்யான ஆறுதலைத் தரும். இது வெறும் கற்பனை அச்சமன்று. 1999-இல் நாஸா செவ்வாய்க்கு அனுப்பிய விண்கலம் ஒன்று அழிந்தது. ஒரு நிரல் உந்துவிசைக் கணக்கைப் பவுண்டு அளவையில் தந்தது. அதனைப் பெற்ற மற்றொன்று அது நியூட்டன் அளவையென்று கொண்டது.

மூன்றாவது, பெயர்களும் சுமைகளும். 'நீர் தொடும் முகம்', 'பாறையில் பதிந்த அடி' என்று பொறியாளர் சில பகுதிகளுக்குப் பெயரிட்டிருப்பார். மாற்றத்தில் உருவம் வந்து சேரும். பெயர் வழியிலேயே தொலையும். நீரழுத்தம் உறுப்பின் எந்த முகத்தில் படுகிறது என்பதை அபாகஸ் முக எண்ணால் சொல்கிறது. நாஸ்ட்ரான் அம்முகத்தின் மூலைக் கணுக்களால் சொல்கிறது. முக எண்ணைப் பொருள் அறியாமல் மாற்றினால், பக்கத்திலிருந்து தள்ளவேண்டிய நீர் அடியிலிருந்து தூக்கத் தொடங்கும்.

வலையில் உள்ள குறை எத்தகைய விளைவைத் தரும் என்பதற்கு நார்வே நாட்டு நிகழ்ச்சி ஒன்று சான்று. 1991 ஆகஸ்டு 23-ஆம் நாள் 'ஸ்லைப்னர்-ஏ' என்ற எண்ணெய்க் கிணற்று மேடையின் மாபெரும் கான்கிரீட் அடித்தளம் கடலில் மூழ்கியது. அதற்குப் பெயர்ப்புப் பிழை காரணமன்று. கணக்கிற் கொண்ட வலை பொருத்தமாக அமையவில்லை. அதனால் ஒரு முக்கியமான இடத்தில் கத்தரிப்புத் தகைவு 47 சதவீதம் குறைவாக மதிப்பிடப்பட்டது. சுவர் போதிய தடிப்பின்றிக் கட்டப்பட்டது. முதலில் பின்னிய வலையே இவ்வாறு ஏமாற்றக்கூடுமாயின், கைமாறி வந்த வலையை எவ்வளவு கவனமாகச் சோதிக்க வேண்டும்!

சோதிப்பது எவ்வாறு? மொழிபெயர்ப்பாளர் கையாளும் உத்தி ஒன்று உண்டு. பெயர்த்ததை மீண்டும் மூலமொழிக்குப் பெயர்த்து ஒப்பிடுவர். வலைக்கும் இதனைச் செய்யலாம். ஆனால் இது மட்டும் போதாது. போகும்போது 'வெள்ளம்' என்பதை 'வெள்ளம்' என்றே எழுதி, வரும்போதும் அவ்வாறே எழுதினால், இரு பிரதிகளும் ஒத்திருக்கும். பிழையோ உள்ளேயே இருக்கும். ஆகையால் வெளிச்சான்று வேண்டும்.

முதலில், ஒரு மீட்டர் பக்கமுள்ள ஒரே ஒரு கன உறுப்பை அனுப்பிப் பாருங்கள். புதிய நிரல் அதன் கொள்ளளவு ஒரு கனமீட்டர் என்று சொல்லுகிறதா? வரிசை பிழைத்திருந்தால் சொல்லாது. அடுத்து முழு வலையை அனுப்பி, கணுக்களையும் உறுப்புகளையும் எண்ணுங்கள். நீள அகல உயரங்களை ஒப்பிடுங்கள். பின்னர் அணையின் அடியை நிலைநிறுத்தித் தன் எடையை மட்டும் ஏற்றுங்கள். கான்கிரீட் எனக் கொண்டால் கனமீட்டருக்கு ஏறத்தாழ 2,400 கிலோ. அடித்தளம் தாங்கும் மொத்த எடை கொள்ளளவோடு ஒத்துவர வேண்டும். இறுதியாக நீரை நிரப்புங்கள். 50 மீட்டர் ஆழ நீர், அணையின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் ஏறத்தாழ 1,250 டன் விசையோடு கிடையாகத் தள்ளும். இதனைத் தாளில் கையாலேயே கணக்கிடலாம். நிரலின் விடை அதனோடு ஒத்தால் அளவையும் முகமும் பிழையின்றி வந்தன என்று பெரிதும் நம்பலாம்.

நெய்யாறு அகத்தியமலையில் தோன்றி, நெய்யாற்றின்கரையைக் கடந்து, பூவாறு அருகே கடலிற் கலக்கிறது. அதன் கரையில் உறங்கும் மக்கள், அணையைக் கணிப்பவர் எந்த நிரலைக் கையாண்டார் என்று கேட்கமாட்டார்கள். கேளாத அவர்களுக்காகவே இந்தச் சோதனைகள். பெயர்ப்பவன் சொல்லைக் கடத்தியதோடு தன் பணி முடிந்தது என்று எண்ணலாகாது. தாகத்தோடு கேட்டவர் கையில் நீர் சேர்ந்ததா என்று பார்த்த பின்னரே அவன் எழுந்திருக்க வேண்டும்.