பெசன்ட் நகர் மணல் சட்டென்று உறிஞ்சும் ஜலம், மாம்பலத்துக் களிமண்ணில் தேங்கி நிற்பது ஏன்?

அடையாற்றுக்குத் தெற்கே, பாதாளச் சாக்கடை எட்டாத மனையில் வீடு கட்ட முற்படும் அன்பர், செப்டிக் டேங்குக்காக நாலு கான்ட்ராக்டர்களிடம் கொட்டேஷன் வாங்குமுன், தம் மண்ணுக்கு ஒரு பரீட்சை வைப்பது அவசியம். ஏன் தெரியுமா?

தொட்டியில் கசடு அடியில் தங்க, தெளிந்து வழியும் நீரை உறிஞ்சுகுழியில் ஏற்று வடிகட்ட வேண்டியது மண்ணே.

காபி பில்டரை நினைத்துப் பாருங்கள்: கொரகொரப்பான பொடியில் டிகாக்ஷன் மளமளவென்று இறங்குகிறது, மாவாய் அரைத்த பொடியிலோ மேலேயே தேங்குகிறது. கடலோர மணல் முன்னதன் ஜாதி. 1920களில் மாம்பலம் ஏரியிருந்த இடத்தில் எழுந்த தியாகராய நகரின் களிமண் பின்னதன் ஜாதி. மிக வேகமாக இறங்கினாலும் ஆபத்தே. சரிவர வடிகட்டப்படாத நீர் அண்டைக் கிணற்றைச் சேரும்.

பரீட்சை எப்படி? களிமண் ஊறினால் உப்பித் துளைகளை அடைத்துக்கொள்ளுமாதலால், தோண்டிய சிறு குழியில் முதல் நாள் நீரூற்றி ஊறவைத்து, மறுநாள் மீண்டும் ஊற்றி, நீர்மட்டம் 25 மில்லிமீட்டர் இறங்க எத்தனை நிமிஷமாகிறதென்று பாருங்கள். இந்தியத் தரநிர்ணயப்படி, 30 நிமிஷத்துக்குள் இறங்கினால் உறிஞ்சுகுழி போதும். 60 நிமிஷத்தைத் தாண்டினால் அது உதவாது.

அந்தக் கணக்கை எல்லாரிடமும் கொடுத்து, குழியின் அளவோடு விலையையும் எழுதி வாங்குங்கள். மண்ணைப் பாராமலே விலை கூறுபவரை, எவ்வளவு மலிவாயினும், தவிர்த்துவிடுங்கள்.