தேனீப் பெட்டியில் ஒரு கணக்கு

ஒரு தேனீக் குடும்பம் நலமாக இருக்கிறதா என்பதை எவ்வாறு அறிவது? வாயிலில் ஈக்கள் ஓயாது வந்துபோகின்றன. அடைகளில் தேன் நிறைந்திருக்கிறது. இராணித் தேனீ முட்டையிட்டு வருகிறது. இவற்றைக் கண்டு வளர்ப்பவர் மனநிறைவு கொள்கிறார். ஆயினும் சில வாரங்களில் அதே பெட்டி வெறுமையாகிவிடுவதுண்டு. உலகின் பல நாடுகளில் இந்த அழிவுக்கு முதற் காரணம் வர்ரோவா என்னும் உண்ணியாகும்.

செம்பழுப்பு நிறமும் தட்டையான உடலும் கொண்ட இவ்வுண்ணியின் அகலம் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டரே. ஜாவாத் தீவில் ஆசியத் தேனீக்களிடம் காணப்பட்ட வர்ரோவாவை 1904ஆம் ஆண்டில் ஔடெமான்ஸ் என்னும் டச்சு அறிஞர் முதன்முதலாக விவரித்தார். நம் நாட்டுப் பெட்டிகளில் வளரும் இந்தியத் தேனீயும் அந்த ஆசியத் தேனீயின் ஒரு வகையே. நெடுங்கால உறவினால் அது உண்ணியைத் தட்டி நீக்கக் கற்றிருக்கிறது. அதனிடத்தில் உண்ணி பெரும்பாலும் ஆண் ஈக்களின் அறைகளில்தான் பெருகுகிறது. ஆதலின் கேடு குறைவு. ஐரோப்பியத் தேனீயை மனிதர் ஆசியாவுக்குக் கொண்டுவந்து வளர்த்தபோது, உண்ணி அதனையும் பற்றியது. அத்தேனீக்கோ இத்தகைய தற்காப்பு போதிய அளவில் இல்லை.

புழு வளரும் அறை மெழுகால் மூடப்படுவதற்குச் சற்று முன்னர்ப் பெண் உண்ணி உள்ளே நுழைகிறது. பணித் தேனீயின் அறை ஏறத்தாழ 12 நாள் மூடியிருக்கும். அந்த இருட்டில் தாயும் சேயுமாக உண்ணிகள் கூட்டுப்புழுவை உண்டு பெருகுகின்றன. அவை பரப்பும் வைரஸ் நோயால் சிறகு சுருங்கிய ஈக்கள் பிறக்கின்றன. வெளியே உள்ள உண்ணிகளும் ஈயின் வயிற்றுத் தகடுகளுக்கிடையே ஒளிந்துகொள்கின்றன. ஆகவே, சட்டத்தைத் தூக்கிப் பார்த்து, "உண்ணி இல்லை" என்று கூறுவது பிழையாகும். எண்ணித்தான் அறிதல் வேண்டும்.

எண்ணும் முறை எளியது. புழுக்கள் உள்ள சட்டத்திலிருந்து, இராணி அகப்படாதவாறு, அரைக் கோப்பை ஈக்களை எடுக்க வேண்டும்; அவை ஏறத்தாழ 300 இருக்கும். வலை மூடியிட்ட கண்ணாடிக் குடுவையில் அவற்றை இட்டு, இரண்டு கரண்டி பொடித்த சர்க்கரையைத் தூவி உருட்ட வேண்டும். சர்க்கரைத் துகளால் உண்ணிகள் பிடி நழுவும். சிறிது நேரங் கழித்துக் குடுவையைக் கவிழ்த்து, வெள்ளைத் தட்டின்மேல் குலுக்கினால் அவை உதிரும். ஈக்களை உயிருடன் பெட்டியில் விட்டுவிடலாம். தட்டில் 9 உண்ணிகள் இருந்தால், நூற்றுக்கு மூன்று என்பது கணக்கு. நூற்றுக்கு இரண்டு மூன்று என்ற அளவிலேயே மருத்துவம் தொடங்க வேண்டும் என்று பல நாட்டு வல்லுநர்கள் கூறுகின்றனர். ஃபார்மிக் அமிலமும், ஓமத்தில் உள்ள தைமாலும் பயன்படும் மருந்துகளிற் சில. சில மருந்துகளுக்கு உண்ணிகள் பழகிவிடுவதால், மருந்திட்ட பின்னரும் எண்ணிப் பார்த்தல் இன்றியமையாதது.

ஆஸ்திரேலியா இவ்வுண்ணி பரவாத நாடாக நெடுங்காலம் இருந்தது. 2022 ஜூன் மாதம் நியூகாசில் துறைமுகத்தில், காவலுக்கென்றே வைத்திருந்த பெட்டிகளைச் சோதித்தபோது அது கண்டறியப்பட்டது. ஆயிரக்கணக்கான பெட்டிகளை அழித்தும் அதை ஒழிக்க இயலவில்லை. 2023 செப்டம்பரில் அம்முயற்சி கைவிடப்பட்டது. உண்ணியை அளவுக்குள் அடக்கி வாழ்வதே புதிய கொள்கையாயிற்று. எனவே இன்று அங்குள்ள வளர்ப்பாளர்க்கும் இந்தக் கணக்கே துணை.

ஒழிக்க முடியாத பகையை அளந்து அடக்கலாம். அதற்கு வேண்டுவன ஒரு குடுவையும் சிறிது சர்க்கரையும், உரிய காலத்தில் எண்ணிப் பார்க்கும் பொறுமையுமே.