சின்னக் கேமரா: எதைப் பார்த்து வாங்குவது?

பெட்டியின் மேல் 48 என்று பெரிதாக அச்சிட்டிருக்கிறது. 48 மெகாபிக்சல், 16 மடங்கு ஜூம், விலை நாலாயிரம் ரூபாய். இந்த விலைக்கு இவ்வளவா?

குளத்தூரில் ஓர் அயல்கூட்டம் என்று வைத்துக்கொள்வோம். பத்துப் பெண்கள். வாரா வாரம் சேர்த்த பணம் கையில் இருக்கிறது. கேமரா ஒன்று வாங்கினால் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுத்துக் கொடுக்கலாம். கல்யாணம், கோயில் திருவிழா, மாதா கோயில் பெருநாள் ஆகியவற்றிலும் படம் எடுக்கலாம். நல்ல யோசனைதான். ஆனால் அது பத்துப் பேரின் பணம். அதனால் முதலில் கணக்குப் பார்ப்போம்.

டிஜிட்டல் படம் புள்ளிகளால் ஆனது. 10 லட்சம் புள்ளிகள் சேர்ந்தால் ஒரு மெகாபிக்சல். பாஸ்போர்ட் சைஸ் போட்டோவின் அளவு 35 மில்லிமீட்டருக்கு 45 மில்லிமீட்டர். அதைத் தெளிவாக அச்சிட ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் போதும். பெருக்கிப் பாருங்கள். மொத்தம் 2 லட்சத்து 20 ஆயிரம் புள்ளிகள்கூட வராது. கால் மெகாபிக்சலுக்கும் குறைவு! ஆல்பத்தில் ஒட்டும் 4-க்கு 6 அங்குலப் படத்துக்கு 21 லட்சத்து 60 ஆயிரம் புள்ளிகள் வேண்டும். ஓரத்தை வெட்டி எடுக்கவும் சேர்த்து, 8 மெகாபிக்சல் இருந்தாலே தாராளம்.

அப்படியானால் 48 எதற்கு? விற்பதற்கு.

மலிவான கேமராக்கள் பலவற்றில் அந்த 48-ம் உண்மை இல்லை. உள்ளே இருக்கும் சென்சாரில் புள்ளிகள் குறைவாகவே இருக்கும். இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் புதிதாக ஒரு புள்ளியைக் கேமராவே ஊகித்து வைத்துவிடும். பாலில் தண்ணீர் கலப்பது போலத்தான். அளவு கூடும், சத்து கூடாது.

ஜூமிலும் இதே கதை உண்டு. ஆப்டிகல் ஜூம் என்றால் கண்ணாடி வில்லைகள் நகர்ந்து, தூரத்துப் பொருளைப் பெரிதாக்கிக் காட்டும். படம் தெளிவாகவே இருக்கும். டிஜிட்டல் ஜூமில் கண்ணாடி நகராது. படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்கும், அவ்வளவுதான். கைபேசியில் இரண்டு விரலால் விரித்தாலும் அதுதான் நடக்கும். அதற்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டுமா? ஆகவே கடைக்காரரிடம், "ஆப்டிகல் ஜூம் எத்தனை மடங்கு?" என்று கேளுங்கள். அவர் பதில் சொல்லாமல் பேச்சை மாற்றினால், பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

படத்தின் தரத்தைத் தீர்மானிப்பது முக்கியமாக வெளிச்சம். சென்சார் பெரிதாக இருந்தால் அதிக வெளிச்சம் பிடிக்கும். பழைய பிலிமில் ஒரு படத்தின் அளவு 36-க்கு 24 மில்லிமீட்டர். சாதாரணச் சின்ன டிஜிட்டல் கேமராவின் சென்சார் ஏறக்குறைய 6-க்கு நாலரை மில்லிமீட்டர்தான். சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. அதனால்தான் பகலில் அழகாக வரும் படம், இரவில் புள்ளி புள்ளியாகக் கலங்கி வருகிறது. கடையின் வாசலில் ஒரு படம் எடுங்கள். பிறகு உள்ளே இருட்டான மூலையில் ஒன்று எடுங்கள். இரண்டையும் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். இதைவிட நல்ல சோதனை வேறு இல்லை.

இப்போது பலர் பழைய கேமராவைத் தேடி வாங்குகிறார்கள். அது தவறில்லை. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. 2010-ல் கேமரா கம்பெனிகள் உலகம் முழுவதும் சுமார் 12 கோடி டிஜிட்டல் கேமராக்களை அனுப்பின. 2023-ல் அது 80 லட்சத்துக்கும் கீழே போய்விட்டது. கைபேசி அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. எனவே பழைய கேமராவுக்கு உதிரிப் பாகம் கிடைப்பது கஷ்டம். பேட்டரி கிடைக்குமா, சார்ஜர் இருக்கிறதா, எந்த மெமரி கார்டு போடுவது என்று முன்பே விசாரிக்க வேண்டும். 2002-ல் வந்த எக்ஸ்டி கார்டை இப்போது யாரும் தயாரிப்பதில்லை. அது போடும் கேமராவுக்குக் கார்டு தேடி அலைய வேண்டியிருக்கும்.

குளத்தூர்ப் பக்கத்தில் கடலும் ஒரு தொல்லை. பொழியூர்க் கடற்கரையில் ஒரு பொடி மணல் லென்ஸ் குழாய்க்குள் புகுந்தால் போதும், குழாய் பாதியில் சிக்கி நின்றுவிடும். அதைப் பழுது பார்க்கும் செலவு கேமராவின் விலையையே தாண்டலாம். மழைக்காலத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். பழைய கேமரா வாங்கும்போது டார்ச் அடித்து லென்ஸுக்குள் பாருங்கள். சிலந்தி வலை போல ஏதாவது தெரிந்தால் வாங்க வேண்டாம். வாங்கிய கேமராவைத் தோல் உறையில் அடைத்து வைக்காதீர்கள், தோல் ஈரத்தை இழுக்கும். மூடி இறுகிய டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைப்பது நல்லது.

அயல்கூட்டத்துக் கணக்குக்கு வருவோம். நல்ல கைபேசி ஒன்று ஏற்கெனவே கையில் இருந்தால், நாலாயிரம் ரூபாய்க் கேமரா அதைவிட மேலாக எதையும் செய்யாது. வெள்ளைத் துணித் திரையும் இரண்டு விளக்கும் வாங்கினால் பாஸ்போர்ட் படம் நன்றாக வரும். அந்தச் செலவு மிகக் குறைவு. திருவிழாவில் தூரத்திலிருந்து எடுக்க வேண்டும் என்றால்தான் ஆப்டிகல் ஜூம் உள்ள கேமராவைப் பற்றி யோசிக்கலாம்.

களியக்காவிளைக்குப் போனால் வரி குறையுமா என்று சிலர் கேட்பார்கள். குறையாது. 2017 ஜூலை முதல் எல்லையின் இருபுறமும் ஒரே ஜி.எஸ்.டி. வரிதான். வளைகுடாவிலிருந்து உறவினர் கொண்டுவரும் கேமரா மலிவாக இருக்கலாம். ஆனால் சில கம்பெனிகளின் வாரண்டி வாங்கிய நாட்டில் மட்டுமே செல்லும். எங்கே வாங்கினாலும் பில் கேட்டு வாங்குங்கள். பெட்டியில் உள்ள அதிகபட்ச விலைக்கு மேல் கேட்டால் கொடுக்க வேண்டாம். பெட்டியில் எழுதியது பொய்யாக இருந்தால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்து புகார் சொல்லலாம்.