புள்ளி பிசகாத சிக்குக் கோலம்... கணினியிலும் கைவரும்!

புதுச்சேரியின் பழைய நகரத்தை வரைபடத்தில் பாருங்கள். சுற்றிலும் முட்டை வடிவில் ஒரு பெருஞ்சாலை. உள்ளே ஸ்கேல் வைத்து இழுத்தது போல நேர்நேராக வீதிகள். நேரு வீதியும் மிஷன் வீதியும் ஒன்றையொன்று குறுக்காக வெட்டிச் செல்லும். 1693-ல் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து ஊரைப் பிடித்து, 1699-ல் திருப்பிக் கொடுத்த டச்சுக்காரர்கள் வகுத்த கட்டம்தான் இதற்கு அடித்தளம்.

அந்த நேர்க்கோட்டு வீதிகளில் காலையில் வாசல் தெளித்ததும் மலர்வதோ வளைகோடுகள்! கட்டம், புள்ளி, வளைவு... இந்த மூன்றையும் நம்பித்தான் கணினியில் வெக்டார் ஓவியமும் நிற்கிறது.

போட்டோவுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

செல்போனில் எடுத்த கோலப் படம் லட்சக்கணக்கான நிறக் கட்டங்களின் தொகுப்பு. அதை பேனர் அளவுக்குப் பெரிதாக்கினால் ஓரமெல்லாம் பிசிறடிக்கும். வெக்டார் படத்தில் நிறக் கட்டங்கள் கிடையாது. 'இந்தப் புள்ளியிலிருந்து அந்தப் புள்ளிக்கு, இவ்வளவு வளைந்து போ' என்ற கணக்கு மட்டுமே இருக்கும். தபால்தலை அளவிலும் சரி, சுவர் அளவிலும் சரி, கோடு கூர்மையாகவே வரும்.

அந்த வளைவுக் கணக்கு பிறந்தது பிரான்ஸின் கார் தொழிற்சாலைகளில். சிட்ரோயன் நிறுவனத்தில் பணியாற்றிய பால் தெ காஸ்தெல்ஜோ 1959-ல் இதற்கு வழி கண்டார். நிறுவனம் அதை ரகசியமாகவே வைத்துக்கொண்டது. 1960-களில் ரெனோ நிறுவனப் பொறியாளர் பியர் பெசியே இதே வகை வளைவுகளை வெளியுலகுக்குக் கொண்டுவந்தார். 'பெசியே வளைவு' என்று அவர் பெயரே நிலைத்துவிட்டது.

காஸ்தெல்ஜோவின் வழியைப் பென்சிலாலேயே சோதிக்கலாம். காகிதத்தில் 4 புள்ளிகள் வைத்து, வரிசையாகக் கோடுகளால் இணையுங்கள். 3 கோடுகள் வரும். அவற்றின் நடுப்புள்ளிகளை இணைத்தால் 2 கோடுகள். அவற்றின் நடுப்புள்ளிகளை இணைத்தால் 1 கோடு. அதன் நடுப்புள்ளி எதுவோ, அது வளைவின் மீது இருக்கும்!

கோலம் போடலாமா?

இன்க்ஸ்கேப் என்ற மென்பொருள் இலவசம். விண்டோஸ், லினக்ஸ், மேக் கணினிகளில் இயங்கும். 2003 முதல் தன்னார்வலர்கள் வளர்த்துவருவது.

முதலில் அளவை மில்லிமீட்டருக்கு மாற்றி, 10 மி.மீ. கட்டத்தைத் திரையில் வரவழையுங்கள். 'ஸ்நாப்' வசதியை இயக்கினால், சுட்டி கட்டத்தின் முனைகளில் காந்தம் போல ஒட்டிக்கொள்ளும். கண் மதிப்புக்கு இனி வேலையில்லை.

புள்ளிகளை 20 மி.மீ. இடைவெளியில் வையுங்கள். சிக்குக் கோலத்தில் இரு புள்ளிகளுக்குச் சரியாக நடுவில்தான் கோடுகள் ஒன்றையொன்று வெட்டும். அந்த இடம் 10 மி.மீ. கட்டத்தின் முனையிலேயே அமையும். அங்கே கணுக்களை வைத்து, அவற்றின் கைப்பிடிகளை 45 டிகிரியில் இழுத்தால் வளைவு நெளிவில்லாமல் திரும்பும். கன்ட்ரோல் பட்டனை அழுத்திக்கொண்டு இழுத்தால் கைப்பிடி 15 டிகிரி படிகளில் மட்டுமே நகரும். மூன்றாவது படி 45!

நான்கு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் கோலம் என்றால், கால் பங்கு வரைந்தால் போதும். சுழற்சி மையத்தைக் கோலத்தின் நட்டநடுவுக்கு நகர்த்திவிட்டு, நகலெடுத்து 90 டிகிரி திருப்பிக்கொண்டே போகலாம்.

இரண்டு இடங்களில் கவனம்!

50 மி.மீ. சதுரத்துக்கு 2 மி.மீ. தடிமனில் ஓரக்கோடு போட்டால், திரை 52 மி.மீ. என்று காட்டும். கோட்டின் பாதித் தடிமன் ஒவ்வொரு பக்கமும் வெளியே நிற்பதே காரணம். இதைக் கவனிக்காமல் கோல அச்சு வெட்டக் கொடுத்தால், அடுத்தடுத்த துண்டுகள் பொருந்தாது.

இரண்டாவது, கோட்டின் தொடக்கமும் முடிவும் பார்வைக்கு ஒட்டியிருந்தால் மட்டும் போதாது. இரு கணுக்களையும் தேர்ந்தெடுத்து முறையாக இணைக்க வேண்டும். இல்லையென்றால் வெட்டும் இயந்திரத்துக்கு அது முடியாத கோடுதான்.

நோட்டுப் புத்தகம் பத்திரம்

கோலத்தைக் கணினி கண்டுகொண்டது புதிதல்ல. கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் கோலங்களுக்கான இலக்கணத்தைக் கணினி அறிவியல் வழியில் ஆராய்ந்து 1974-ல் கட்டுரை வெளியிட்டார்கள். கிஃப்ட் சிரோமணி தாம்பரம் சென்னை கிறித்தவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர்.

வாசலில் போட்ட கோலம் மாலைக்குள் கலைந்துவிடும். அது அதன் இயல்பு. ஆனால், பாட்டி மார்கழி மாதங்களில் நோட்டில் போட்டுப் பழகிய கோலங்கள் பழுப்பேறிய தாளோடு போய்விட்டால், திரும்பக் கிடைக்காது. வாரம் ஒரு பக்கத்தை வெக்டாராக மாற்றினால், ஆண்டுக்கு 52 கோலங்கள். பிறகு அவை அச்சாகலாம், ரவிக்கை எம்பிராய்டரியாகலாம், கல்யாணப் பத்திரிகையின் ஓரத்திலும் ஏறலாம்.

பேத்தி கணினியில் உட்காரட்டும். எந்தக் கோடு எந்தப் புள்ளியைச் சுற்ற வேண்டும் என்று பாட்டி பக்கத்தில் இருந்து சொல்லட்டும். அது மட்டும் எந்த மென்பொருளுக்கும் தெரியாது.